திரும்பிப் பாராத அக்கா

அக்காவின் முகத்தைவிட அவருடைய பின்கழுத்துத்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நரைத்த சின்னக் கொண்டை, அதற்குக் கீழே ஹெல்மெற்றின் வார் அழுத்திய கோடு, வலது காதுக்குப் பின்னால் ஒரு மறு. இரண்டு கோடைகாலம் அந்தக் கழுத்துக்குப் பின்னால் நான் சைக்கிள் ஓடினேன். முன்னால் போகச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. எனக்குப் பயம் கூடப்பிறந்தது. நாய்க்குப் பயம், லிப்டுக்குப் பயம், தண்ணீருக்குப் பெரும் பயம். கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தால் உறையைக் கிழிக்கவே அரை நாள் எடுப்பேன். அப்படிப்பட்ட நான் லண்டன் தெருவில் சைக்கிள் ஓடினேன் என்றால் அது அந்தக் கழுத்தை நம்பித்தான்.

கோலியர்ஸ் வுட்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் நாங்கள் இருவரும் வேலை. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, எனக்கு நாற்பத்தாறு. நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவரிடம் ஏதோ வித்தியாசம் இருக்கிறது என்று கண்டுகொண்டேன். இல்லத்தின் நடைபாதை வட்டமாகச் சுற்றி வரும். துவைத்த துணிகளை வண்டியில் வைத்து அறை அறையாகக் கொடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒருநாள் ஒன்பதாம் அறையை விட்டுவிட்டுப் பத்தாம் அறைக்குப் போய்விட்டார். இரண்டு அடி பின்னால் வைத்தால் போதும். அக்கா வைக்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு முழு வட்டமும் சுற்றி, மறுபடி எட்டாம் அறையைத் தாண்டி, ஒன்பதாம் அறைக்கு வந்து சேர்ந்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"என்ன பார்க்கிறாய்? வெளிக்கிட்டா வெளிக்கிட்டதுதான்," என்றார்.

அதுதான் அவருடைய வாய்ச்சொல். வீட்டில் சாப்பாட்டுப் பெட்டியை மறந்து வந்தால், தெரு முனையில் ஞாபகம் வந்தாலும் திரும்பிப் போகமாட்டார். அன்றைக்கு என்னுடைய புட்டில் பாதி அவருக்கு. சைக்கிளில் தன் வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால் நாலு தெருவைச் சுற்றித்தான் மறுபடி வாசலுக்கு வருவார். பஸ்ஸில் பின்பக்கம் பார்த்தபடி சில இருக்கைகள் இருக்குமே, அவற்றில் இருக்கமாட்டார். பஸ் முழுக்க அந்த இருக்கை மட்டும்தான் காலியாக இருக்கிறது என்றாலும், சலவை அறையில் எட்டு மணித்தியாலம் நின்ற காலோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "இருங்கோ அக்கா" என்று நான் கெஞ்சினால், "நீ இரு, உனக்குத்தானே கால் நோகும்" என்பார்.

ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு அவருடைய சைக்கிளுக்குப் பின்பார்வைக் கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். என் பயத்துக்கு அது பெரிய மருந்து. ஹாண்டிலில் பூட்டிவிட்டால் பின்னால் வரும் வாகனமெல்லாம் தெரியும். அக்கா மிகவும் சந்தோஷப்பட்டார், தானே பூட்டினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன், கண்ணாடி மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது. "வானம் வடிவாத் தெரியுது பிள்ளை," என்றார். எனக்குக் கோபம் வந்தது. பதினைந்து பவுண் கண்ணாடியில் ஆராவது வானம் பார்ப்பார்களா?

ஏன் இப்படி என்று மூன்று தரம் கேட்டிருக்கிறேன். மூன்று தரமும் மூன்று பதில். முதல் தரம், கழுத்துப் பிடிப்பு என்றார். நம்பினேன். இரண்டாம் தரம், "எங்கட அப்பு ஊரில லொறி வைச்சிருந்தவர். அந்த லொறிக்கு ரிவேர்ஸ் கியர் வேலை செய்யாது. எங்கை போனாலும் சுத்தித்தான் வரவேணும். நாங்கள் அப்பிடியே வளர்ந்திட்டம்," என்றார். அதையும் பாதி நம்பினேன், சிரிப்பு வந்ததால். மூன்றாம் தரம் கேட்டபோது சகுனம் என்றார். வெளிக்கிட்ட ஆள் திரும்பக்கூடாது, திரும்பினால் வந்து இருந்து ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பகிடி விடுவதில்லை. பின்னால் நின்று கூப்பிடக்கூடாது. ஒருமுறை அலுவலகத்தில் அவருக்குப் போன் வந்திருக்கிறது என்று சொல்ல, நடைபாதையில் அவருக்குப் பின்னால் நின்று "அக்கா!" என்றேன். வண்டியை அப்படியே விட்டார். துவைத்த துணியெல்லாம் தரையில். திரும்பவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். நான் ஓடி முன்னால் போய்ப் பார்த்தபோது உதடு வெளுத்திருந்தது. "எப்பவும் முன்னுக்கு வந்து சொல்லு. பின்னால நிண்டு கூப்பிடாதை. விளங்குதோ?" என்றார். விளங்கவில்லை, ஆனாலும் தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுற்றிப் போய் முகத்துக்கு முன்னால் நின்றுதான் சொல்வேன்.

அப்போது எந்த வீட்டில் இருந்தார் என்று தெரியும், ஆனால் அவருடைய வீட்டுக்குள் போனதில்லை. கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். எங்கள் ஆட்கள் கூடும் இடத்தில் முதல் கேள்வி ஊர், இரண்டாம் கேள்வி மனுசன் என்ன வேலை. அதற்காகத்தான் வரவில்லை என்று நினைத்தேன். கலியாணம் முடித்தவர் என்று தெரியும். அதற்கு மேல் நான் கிளறவில்லை. இப்போது அவர் லண்டனில் இல்லை. வேலையை விட்டு வேறு ஊர் போய்விட்டார். போகிற ஆளை எங்கே போகிறீர்கள் என்று கேட்கக்கூடாது என்பதால் எந்த ஊர் என்றும் நான் கேட்கவில்லை.

அந்தத் தேம்ஸ் பயணம் அவருடைய யோசனைதான். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் வாண்டில் ஓடைக்கரையில் ஒரு மணித்தியாலம் ஓடிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். ஆவணி மாதம் ஒருநாள், "முழுநாள் ஓடுவம். ஒரு கரையால போய் மற்றக் கரையால வருவம்," என்றார். வந்த வழியாலேயே திரும்பாமல் வீட்டுக்கு வந்துசேர ஒரு பெரிய ஆறும் இரண்டு பாலமும் வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. என் மனுசன் வாசலில் நின்று, "எங்கை போறியள் எண்டு கேக்கக்கூடாது. எண்டாலும், எங்கை போறியள்?" என்றார். அவர் குணம் அப்படி, எதையும் பகிடியாக்கிவிடுவார்.

காலை எட்டு மணிக்கு வெளிக்கிட்டோம். பட்னிப் பாலத்தைக் கடந்து வடகரையால் மேற்கே ஓடினோம். உண்மையைச் சொன்னால் மத்தியானம் வரை எனக்குப் பயமே இல்லை. வெயில் நன்றாக இருந்தது. படகு வலிக்கிற பிள்ளைகள் ஒருபக்கம், பெரிய வீடுகளின் பின்தோட்டம் மறுபக்கம். ஆறு மெலிந்து, இரண்டு பக்கமும் சேறு காட்டிக்கொண்டு கிடந்தது. "இதுதானோ தேம்ஸ்? எங்கட வீட்டு வாய்க்காலுக்கு மாரியில இதைவிடத் தண்ணி வரும்," என்று அக்கா முன்னால் போய்க்கொண்டே சத்தமாகச் சொன்னார். நானும் சிரித்தேன்.

சிரித்திருக்கக்கூடாது. யாழ்ப்பாணத்தில் ஆறு என்று பெயர் வைத்த ஊர்கள் இருக்கின்றன, ஆறுதான் இல்லை. நாங்கள் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர்கள். எங்களுடைய பரவைக் கடலும் சாது. முழங்கால் தண்ணீரில் கால்மைல் நடக்கலாம், காலையில் நின்ற இடத்தில்தான் மாலையிலும் நிற்கும். மழை பெய்தால் வெள்ளம் வரும், பெய்யாவிட்டால் வராது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த தண்ணீர்ச் சாத்திரம்.

டெடிங்டன் என்ற இடத்தில் ஒரு நடைபாலத்தால் மற்றக் கரைக்குக் கடக்க வேண்டும். அக்கா பேச்சு வாக்கில் அதைத் தாண்டிவிட்டார். நான் கண்டேன், பின்னால் நின்று கூப்பிடக்கூடாதே என்று வேகமாக மிதித்து அவருக்கு முன்னால் போய்ச் சொல்வதற்குள் இருநூறு யார் தூரம் போய்விட்டோம். "திரும்பினால் இரண்டு நிமிஷம் அக்கா," என்றேன். "அடுத்த பாலம் வராமலோ போகும்?" என்றார். அடுத்த பாலம் கிங்ஸ்டனில் வந்தது. அதைக் கடந்து, தென்கரையால் மறுபடி டெடிங்டனுக்கு நேரே வந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது பின்னேரம் இரண்டரை மணி. பாலத்தில் நேரே கடந்திருந்தால் அந்த நேரத்துக்கு நாங்கள் ரிச்மண்டையும் அதற்கு அங்காலுள்ள கியூ என்ற ஊரையும் தாண்டியிருப்போம். இதை நான் எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன்.

இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஆற்றில் படகுகளை ஏற்றி இறக்கும் படகுக் கதவடியில் நின்ற ஒரு வெள்ளைக்கார முதியவர் எங்கள் சைக்கிள்களைப் பார்த்துவிட்டு வந்தார். எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று கேட்டார். கியூ என்றேன். இன்றைக்கு முழுநிலவுப் பெருக்கு, கடல் ஏறி வரும், ரிச்மண்டுக்கு அங்கால் கரைப்பாதையில் போகாதீர்கள், தெருவால் போங்கள் என்று இரண்டு தரம் ஆங்கிலத்தில் சொன்னார். நான் அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னேன், அவருக்கும் விளங்கியிருந்தாலும்.

"கடல் எங்கை கிடக்கு, ரிச்மண்ட் எங்கை கிடக்கு?" என்றார் அக்கா. "மழையுமில்லை ஒண்டுமில்லை. பாவம், வயசுபோன மனுசன்."

எனக்கு அப்போதே ஆற்றைப் பார்க்கப் பயம். ஆனால் தெருவில் வாகனங்கள் ஓடுமே என்று அதற்கும் பயம். இரண்டு பயத்துக்கு நடுவே நின்றால் நான் எப்போதும் முன்னால் போகிற ஆளைத்தான் பிடித்துக்கொள்வேன்.

ரிச்மண்டுக்கு வந்தபோது ஆறு கரையில் இல்லை, தெருவில் இருந்தது. காலையில் சேறு காட்டிக்கொண்டு கிடந்த அதே ஆறு. சனம் இருக்கப் போட்ட வாங்குகள் தண்ணீருக்குள் நின்றன. கார் நிறுத்துமிடத்தில் ஓர் அன்னம் நீந்தியது. சனம் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, சிரித்துச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்குப் பழகிய விளையாட்டு. ஆறு சத்தம் போடவில்லை, பாயவில்லை. கீழே போக வேண்டிய தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. அக்கா சைக்கிளைவிட்டு இறங்காமலே ஓரமாக ஓடி அந்த இடத்தைத் தாண்டினார். நானும் தாண்டினேன்.

ரிச்மண்டைவிட்டுக் கொஞ்சத் தூரத்தில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு படகுக் கதவு, அதன் மேல் வளைவு வளைவாக ஒரு பழைய நடைபாலம். அதைத் தாண்டினால் கியூ வரைக்கும் கரைப்பாதைதான். இடது பக்கம் மரவரிசை, அதற்கு அங்கால் ஆறு. வலது பக்கம் அகலமான ஓர் அகழி, அதற்கு அங்கால் மைதானம். இடையில் இறங்கிப் போக வழியில்லை. பாதை அங்கே உலர்ந்துதான் இருந்தது. ஆபத்து முடிந்தது என்று நினைத்து நான் மூச்சுவிட்டேன்.

முதலில் மண்ணில் ஒரு மினுமினுப்பு. பிறகு மரங்களுக்கிடையால் மெல்லிய கோடாகத் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து அகழிக்குள் இறங்கியது. கோடுகள் சேர்ந்து ஒரு தகடானது. காய்ந்த இலைகள் எங்கள் சில்லுக்கு முன்னால் இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தன. பெடல் கீழே போகும்போது சப்பாத்து நனைந்தது. அடுத்த சுற்றில் கணுக்கால் நனைந்தது. அக்காவின் கழுத்து ஒரே சீராக முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஆறும் பாதையும் அகழியும் ஒரே கபில நிறத்தில், ஒரே மட்டத்தில். எது பாதை என்று அந்த மரங்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தன. ஒரு மரத்துக்கு அங்கால் கால் வைத்தால் தேம்ஸ்.

என் சைக்கிள் நின்றது. காலை ஊன்றினேன், உடனே தரை கிடைக்கவில்லை. கிடைத்தபோது தண்ணீர் முழங்காலில். பின்னால் திரும்பிப் பார்த்தேன். வந்த பாதையும் மூடுபட்டிருந்தது. போன் முதுகில் மாட்டிய பைக்குள். அதை எடுக்கக் கையை விட வேண்டும், என் கை இரண்டும் ஹாண்டிலை விடமாட்டேன் என்றன. எனக்கு நீந்தத் தெரியாது. என் மனுசனை நினைத்தேன், வாசலில் நின்று பகிடி விட்டவரை. நான் இங்கேதான் சாகப்போகிறேன் என்று மிகத் தெளிவாக நினைத்தேன். முன்னால் அக்கா முப்பது யார் தூரம் போய்விட்டார், போய்க்கொண்டே இருந்தார்.

"அக்கா!"

செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன். அவருடைய சைக்கிள் அப்படியே நின்றது. கழுத்து விறைத்தது. திரும்பவில்லை.

"ஆர்?" என்றார். என்னைத் தவிர அங்கே ஆர் இருக்கிறார்கள்? அந்தக் கேள்வி எனக்குத் தண்ணீரைவிடப் பயமாக இருந்தது.

"நான்தான் அக்கா. எனக்கு ஏலாது. கால் வருகுதில்லை."

"முன்னுக்கு வா."

"ஏலாது அக்கா. நீங்கள் வாங்கோ."

தண்ணீர் என் முழங்காலுக்கு மேலே ஒரு விரல் ஏறியதை உணர்ந்தேன். பிறகு அவர் இறங்கினார். சைக்கிளை ஒரு மரத்தில் சாத்தினார். முகத்தைக் கியூப் பக்கம் வைத்தபடியே, வலது காலைப் பின்னால் எடுத்து வைத்தார். பிறகு இடது கால். அக்கா பின்பக்கமாக நடந்து என்னிடம் வந்துகொண்டிருந்தார்.

"மணியை அடிச்சுக்கொண்டிரு. சத்தத்துக்கு வாறன்," என்றார்.

பெருவிரலால் மணியை அடித்தேன். அந்த விரல் ஒன்றுதான் எனக்கு அசைந்தது. தண்ணீருக்குள் ஓர் ஐம்பத்தெட்டு வயது மனுசி, காணாத தரையில் குதிக்காலால் தடவித் தடவி, பின்னால் பின்னால் வருகிறார். திரும்பி நடந்தால் ஒரு நிமிஷம். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. "திரும்புங்கோ அக்கா, கடவுளே, ஒருக்கால் திரும்புங்கோ!" என்று கத்தினேன். கேட்டதாகவே காட்டவில்லை. பாதி தூரத்தில் இடது பக்கம் சாயத் தொடங்கினார், ஆற்றுப் பக்கம்.

"வலப்பக்கம் அக்கா! வலப்பக்கம்!"

பிந்திவிட்டது. இரண்டு மரங்களுக்கு இடையில் அவருடைய இடது கால் இறங்கியது. இடுப்பு வரைக்கும் போனார். ஒரு கையால் வேரையோ கொப்பையோ பிடித்தார். கத்தவில்லை. அந்த நேரத்திலும் தலை திரும்பவில்லை.

என் கை எப்போது ஹாண்டிலை விட்டது என்று எனக்குத் தெரியாது. சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு நான் அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு முழங்காலைப் பாதையில் ஏற்றினார், பிறகு மற்றதை. எழும்பி நின்றபோது அவருடைய தோளைப் பிடித்தேன். அந்தத் தோள் நடுங்கியது. குளிரில் அல்ல. இரண்டு வருஷமாக எதற்கும் அஞ்சாத மனுசி என்று நான் நம்பி, பின்னால் போன அந்தக் கழுத்து என் கைக்குக் கீழே கிடுகிடுத்தது. என்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி என்று அப்போதுதான் தெரிந்தது.

"அக்கா, முன்னுக்கு ஆழம் கூடிக்கொண்டு போகுது. அந்த வளைவுப் பாலம் கிட்ட. அங்கை தரை காய்ஞ்சு கிடக்கு. திரும்புவம்."

"நீ போ. நான் திரும்பமாட்டன்."

"உங்களை விட்டிட்டு நான் போகமாட்டன்."

"போ பிள்ளை."

அவரை அங்கே விட்டுவிட்டுப் போனால் அவர் முன்னாலேயே நடப்பார் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் கழுத்துக்கு வந்தாலும் நடப்பார். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. "நீங்கள் திரும்ப வேண்டாம்," என்றேன். "வந்தமாதிரியே பின்னுக்கு வாங்கோ. என்ர பையின்ர வாரைப் பிடியுங்கோ. நான் பார்த்துக் கூட்டிக்கொண்டு போறன்."

யோசித்தார். பிறகு கையைப் பின்னால் நீட்டினார். என் முதுகுப் பையின் வாரை அந்தக் கையில் கொடுத்தேன்.

அப்படித்தான் போனோம். நான் ரிச்மண்டைப் பார்த்து நடந்தேன். அக்கா கியூவைப் பார்த்தபடி, என் முதுகோடு முதுகாகப் பின்பக்கமாக வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக நான் முன்னால். மரத்துக்கு மரம் எண்ணி, காலால் தரையைத் தடவி, "இஞ்சை பள்ளம், காலைத் தூக்குங்கோ" என்று சொல்லிச் சொல்லி நடந்தேன். பயம் போகவில்லை. ஆனால் பயப்பட நேரம் இல்லை.

"அவர் கத்திக் கூப்பிடேல்லை," என்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஆர் அக்கா?"

"என்ர மனுசன். வால்தம்ஸ்டோவில இருக்கேக்க. அடி தாங்கேலாமல் ஒருநாள் வெளிக்கிட்டிட்டன். கையில ஒரு பாக். பஸ் நிக்கிற இடத்துக்கும் போயிட்டன். பஸ்ஸும் வந்திட்டுது. ஒரு காலை உள்ளுக்கை வைச்சிட்டன். பின்னால நிண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டவர். சாப்பிடக் கூப்பிடுறமாதிரி, மெதுவா. திரும்பினன்."

நான் நடந்துகொண்டே இருந்தேன். நின்றால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார் என்று பட்டது.

"பிறகு?"

"பிறகும் பதினொரு வருசம் அவரோடை."

தண்ணீர் என் முழங்காலுக்குக் கீழே வந்திருந்தது. பாதை மெல்ல ஏறுகிறது போல.

"ரண்டாந்தரம் வெளிக்கிடேக்கை அவர் கூப்பிட்டவரோ இல்லையோ எனக்குத் தெரியாது. பின்னால வந்தவரோ தெரியாது. நான் திரும்பேல்லை."

"இப்ப அவர் எங்கை அக்கா?"

"தெரியாது. அதுதானே."

அந்த "அதுதானே" எனக்கு விளங்கியது. இத்தனை காலமும் இந்த மனுசி சலவை வண்டி தள்ளியபோதும், பஸ்ஸில் நின்றபோதும், எனக்கு முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டு சைக்கிள் ஓடியபோதும், பின்னால் ஓர் ஆள் நிற்கிறான் என்ற எண்ணத்தோடுதான் இருந்திருக்கிறார். திரும்பிப் பார்க்காத வரைக்கும் அவன் இல்லை. நான் கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

வளைவுப் பாலத்தடியில் தரை காய்ந்திருந்தது. என் சப்பாத்துக்குக் கீழே சரளைக்கல் நொறுங்கிய சத்தம் எனக்குக் கோயில் மணியைவிட இனிமையாகக் கேட்டது. அக்காவும் கல்லை மிதித்தார். வாரை விடவில்லை. இடுப்புவரை சேறு, ஒரு சப்பாத்து இல்லை. முகம் இன்னும் கியூப் பக்கம்தான்.

"வந்திட்டமோ?"

"ஓம் அக்கா. காய்ஞ்ச தரை."

"என்ர பின்பக்கம் ஆர் நிக்கினம்? பார்த்துச் சொல்லு."

பார்த்தேன். பாலத்தடியில் எட்டுப் பத்துப்பேர் நின்றார்கள். ஐஸ்கிரீமோடு ஓர் இளம் சோடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. நாயோடு ஒரு மூதாட்டி. சைக்கிள்காரர் இரண்டுபேர். பிறகு வாங்கில் ஒரு மனிதர். அறுபது வயதிருக்கும், எங்கள் நிறம், எங்கள் மீசை. அவரும் தண்ணீருக்குள்ளால்தான் வந்திருக்க வேண்டும். குனிந்து ஒரு சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

அக்காவின் மனுசனை நான் ஒருநாளும் கண்டதில்லை. படம்கூடப் பார்த்ததில்லை. கறுப்போ வெள்ளையோ, நெட்டையோ கட்டையோ எனக்குத் தெரியாது. லண்டனில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர், ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்கு ஆரும் வரலாம். எல்லாம் தெரியும். ஆனாலும் அவரிடமிருந்து என் கண்ணை எடுக்க முடியவில்லை.

"ஆர் நிக்கினம்?" என்று அக்கா மறுபடி கேட்டார்.

"வெள்ளைக்காரர் அக்கா. எங்கட ஆக்கள் ஒருத்தருமில்லை."

"வடிவாப் பார்த்தனியோ?"

"வடிவாப் பார்த்திட்டன். திரும்புங்கோ."

வாரைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. சரளைக்கல்லில் கால் அரைபடும் சத்தம் கேட்டது. அக்கா திரும்பினார். அவர் திரும்பியதை நான் பார்க்கவில்லை. வாங்கில் இருந்த அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நிமிர்ந்தார். சேறு பூசிய இரண்டு பெண்களையும், தெரியாத ஆட்களைப் பார்ப்பதுபோல, ஒரு தரம் பார்த்தார். பிறகு மறுபடி குனிந்து மற்றச் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். அப்போதுதான் நான் அந்தச் சரளைக்கல்லிலேயே குந்தினேன்.